இரண்டாம் குரலுக்கு விட்ட இடம்

நாஷ்வில்
14 பிப்ரவரி 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

இதற்கு முன் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இதற்கும் வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் என்ன செய்வது, இந்த ஊரில் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

செய்தி இதுதான். கம்பெனி என் பெயரில் ஒரு இசைத்தட்டுப் போடுகிறது. முழுத் தட்டு, பத்துப் பாட்டு. பாதிக்கு மேல் நீயும் நானும் காரில் போகும்போது கட்டியவை. 'பாலத்து மேலே தண்ணி'யும் உண்டு. தயாரிப்பாளர் பெயர் கார்விஸ். நல்ல மனிதர்தான். எதைக் கேட்டாலும் பேனாவால் பல்லைத் தட்டிக்கொண்டே யோசிப்பார்.

போன வாரம் உன் பகுதியைப் பாட இரண்டு பெண்களை அழைத்து வந்தார். இங்கே வருகிற தட்டுகளில் பாதிக்கு அவர்கள்தான் இரண்டாம் குரல். தாளைப் பார்த்தார்கள், ஒரே தடவையில் பாடி முடித்தார்கள். ஒரு பிசிறு இல்லை. நான் "பாலத்து மேலே தண்ணி ஏறிடுச்சா, நான் வரட்டுமா" என்று கேட்கிறேன். அவர்கள் "இறங்கிடுச்சு, வா" என்கிறார்கள். ஹோட்டல் வாசலில் நின்று வரவேற்கிற மாதிரி இருந்தது. நீ அந்த வரியைப் பாடினால் அடுத்த அடி எடுத்து வைக்கக் கால் தானாகத் தூக்கும். நான் பாதியில் நிறுத்திவிட்டு, தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஃபோர்ட் ஸ்மித்தில் நீ சொன்னதை மறக்கவில்லை. அத்தனை வருடம் ஒரே மைக்கில் பாடிவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாய். "உனக்குப் பின்பாட்டுப் பாடி அலுத்துப் போச்சு லவேடா. இனிமே நீயே பாடிக்கோ." சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய். சரி, அலுப்பாகவே இருக்கட்டும். இந்த ஒரு தட்டுக்கு மட்டும் வா. நீ முன்னால் நில், நான் பின்னால் நிற்கிறேன்.

போன் செய்தால் அண்ணி எடுத்து, "அவரு மில்லுக்குப் போயிருக்காரும்மா" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொல்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவளை ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறாய்?

உன் தங்கை,
லவேடா

*

வால்ட்ரன், ஆர்கன்சா
2 மார்ச் 1977

லவேடா,

கடிதங்கள் எல்லாம் வந்தன. தபால்காரரைத் திட்டாதே.

நான் வரவில்லை. மர மில்லில் வேலை நெருக்குகிறது. உன் அண்ணி ஓப்பல் சுகம். முன்பக்கப் படி இரண்டை மாற்றினேன். கறுப்பு நாய் செத்துப்போனது, வயதாகிவிட்டது.

அந்த இரண்டு பெண்களையே பாடச் சொல். நன்றாகப் பாடுகிறவர்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அது ஒரு குற்றமா?

முன்னால் நிற்பது, பின்னால் நிற்பது பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. இனி போன் செய்யாதே. எழுது. எழுதினால் படிக்கிறேன்.

ஹோயட்

*

நாஷ்வில்
20 ஏப்ரல் 1977

அண்ணா,

தட்டு முடிந்துவிட்டது. நீ வரவில்லை. நாய் செத்ததற்கு இரண்டு வரி எழுத முடிந்தது உன்னால், எனக்கு அதுகூட இல்லை.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேள். அந்தப் பெண்களை அனுப்பிவிடச் சொன்னேன். வேறு ஆண் குரல் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம், அதுவும் வேண்டாம் என்றேன். கடைசியில் கார்விஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ நீயே ரெண்டையும் பாடும்மா. ஒண்ணு மேல ஒண்ணா பதிவு பண்ணிக்கலாம். இப்ப அதுக்கெல்லாம் மெஷின் இருக்கு."

"கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்றதா? பைத்தியம்னு நினைக்க மாட்டாங்க?"

"வேற என்னதான் செய்யச் சொல்றே?"

"அந்த இடத்தை அப்படியே விட்ருங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பொறியாளரைப் பார்த்தார். அந்த ஆள் கூரையைப் பார்த்தார். "ரேடியோவுல இது போச்சுன்னா, ஸ்டேஷன் நின்னுபோச்சுன்னு ஜனங்க வேற பக்கம் திருகிடுவாங்க" என்றார் கார்விஸ். திருகட்டும் என்றேன். அண்ணா, நான் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஊரில் எல்லாப் பேச்சும் நீதான் பேசுவாய். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

அப்படியே பதிவு செய்தோம். நான் கேள்வியைப் பாடுவேன். அப்புறம் நீ பாட வேண்டிய அளவுக்கு மூச்சை அடக்கி நிற்பேன். ஸ்டீல் கிட்டார் மட்டும் தூரத்தில் மெல்ல இழையும். பிறகு அடுத்த வரி. ஆறு பாட்டிலும் அப்படித்தான். நிற்கிற ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியும்போது அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. அது தெரிந்தும் பார்த்தேன்.

தட்டுக்குக் கம்பெனியே பெயர் வைத்துவிட்டது. 'தனியாக லவேடா'. அட்டையில் நான் ஒரு வேலியில் சாய்ந்து சிரிக்கிறேன். அது வாடகைக்குக் கொண்டுவந்த வேலி.

லவேடா

*

நாஷ்வில்
29 ஆகஸ்ட் 1977

அண்ணா,

உனக்கு எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். வேறு யாருக்கு எழுதுவது?

தட்டு வெளிவந்தது. இங்கே ஒரு பத்திரிகையில் விமர்சனம் எழுதினார்கள். "மிஸ் லவேடா ப்ரூயிட் பாடத் தொடங்குகிறார், பிறகு யாரையோ எதிர்பார்த்து நிற்கிறார். வரவேண்டியவர் கடைசிவரை வரவில்லை. கேட்பவர்களும் வருவார்கள் என்று தோன்றவில்லை." இவ்வளவுதான். அதற்குக் கீழே, பக்கம் முழுக்க வேறொருவருடைய தட்டைப் புகழ்ந்திருக்கிறார்கள்.

ரேடியோக்காரர்கள் இன்னும் மோசம். பலபேர் போடவே இல்லை. டல்சாவில் கிளீட்டஸ் என்று ஒரு அறிவிப்பாளர் 'பாலத்து மேலே தண்ணி'யைப் போடுகிறார், ஆனால் கேலிக்கு. நான் "நான் வரட்டுமா" என்று பாடி நிறுத்துகிறேன். அந்த இடத்தில் அவர் மைக்கைத் திறந்து, "இப்ப வேணாம்மா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்கிறார். ஜனங்கள் சிரிக்கிறார்களாம். கார்விஸ்தான் போனில் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கடைக்குப் போனால் என் தட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வர முடியவில்லை. பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. நீ கேட்டாயா? நன்றாக இல்லை என்றுகூட எழுது. கேட்டேன் என்று எழுது.

லவேடா

*

வால்ட்ரன்
11 செப்டம்பர் 1977

லவேடா,

கேட்டேன். வெளிவந்த வாரமே ஓப்பல் ஃபோர்ட் ஸ்மித்துக்குப் போய் வாங்கி வந்தாள். இதுவரை எத்தனை தடவை கேட்டேன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அவள் இப்போது தட்டில் பிடில் ஆரம்பித்தாலே எழுந்து கோழிகளைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. எனக்குக் குரல் இல்லை. போன வருடம் முழுக்கக் கரகரப்பு இருந்ததே, சளி என்று சொன்னேனே, அது சளி இல்லை. நவம்பரில் லிட்டில் ராக்கில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். நோய் போய்விட்டது என்கிறார்கள். கழுத்தில் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. பேச ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். சவரம் செய்யும் மெஷின் மாதிரி இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயசைத்தால் சத்தம் வரும். போத்தலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு என்கிறாள் ஓப்பல். மில்லில் ஆட்கள் பழகிவிட்டார்கள்.

ஃபோர்ட் ஸ்மித்துக்கு வரும்போதே எனக்குத் தெரியும். உன்னிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ நாஷ்விலுக்குப் போயிருக்க மாட்டாய். என் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். அதனால்தான் அப்படிச் சொன்னேன். அது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. நீ திட்டலாம்.

இப்போது வேறு விஷயம். டல்சா ஆளைப் பற்றி நீ எழுதியது பழைய செய்தி. அவர் கேலி செய்யப்போய், ஜனங்கள் போன் செய்து அந்த இடத்துக்குத் தங்கள் பதிலைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஸ்டேஷன் இங்கேயும் கேட்கும். முதலில் எல்லாம் தமாஷ்தான். பிறகு ஒரு பெண் பேசினாள். மகன் கலிஃபோர்னியா பக்கம் போனவன், விலாசம் தெரியாதாம். "தண்ணி வத்திப்போயி ரொம்ப நாளாச்சுப்பா, நீ வாடா" என்றாள். அன்றிலிருந்து அந்த இடத்தில் அந்த அறிவிப்பாளர் வாயைத் திறப்பதில்லை.

நேற்று நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடைக்குப் போயிருந்தேன். பாட்டுப் பெட்டியில் உன் பாட்டு வந்தது. பரிமாறுகிற மேவிஸ் கை நிறையச் சாப்பாட்டுத் தட்டுகளோடு நடந்துகொண்டே, நீ நிறுத்திய இடத்தில், "இறங்கலை, நீ சுத்திக்கிட்டு வா" என்று பாடினாள். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு டிரைவர், "முழங்கால்தான், நடந்தே வந்துடு" என்றான். ராகம் இரண்டு பேருக்குமே பிசகு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது என் இடம் என்று எழுந்து சொல்ல நினைத்தேன். எதை வைத்துச் சொல்வது? சோள ரொட்டியும் பீன்ஸும் முன்னால் ஆறிப்போயிருந்தன. அதையே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

தட்டு நன்றாக இருக்கிறது. மூன்றாவது பாட்டில் நீ கொஞ்சம் அவசரப்படுகிறாய்.

ஹோயட்

*

நாஷ்வில்
16 செப்டம்பர் 1977

அண்ணா,

படித்தேன். படித்துவிட்டு உன் கடிதத்தைச் சமையல் மேசையில் வைத்துவிட்டு, வீதியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

உன் கட்டில், என் நாற்காலி, என் நாஷ்வில் எல்லாவற்றையும் நீயே முடிவு செய்தாயா? நான் உட்கார்ந்திருப்பேன், ஆமாம். அது என் இஷ்டம். அதை எடுத்துக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது? இத்தனை மாதம் உன்னை மனதுக்குள் கரித்துக் கொட்டினேன். அப்போதெல்லாம் நீ கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு படி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். அண்ணியாவது சொல்லியிருக்கலாம். அவளிடம் நான் பேச மாட்டேன். ஒரு வாரத்துக்குப் பேச மாட்டேன்.

இன்னொன்று நினைவுக்கு வந்தது, அது வந்ததிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. நாம் அத்தனை மண்டபத்தில் பாடினோம். ஒருவரும் பதிவு செய்யவில்லை. கல்யாண வீட்டில் பாடினோம், மாட்டுச் சந்தையில் பாடினோம், மழையில் கொட்டகை ஒழுக ஒழுகப் பாடினோம். ஒரு நாடா கிடையாது. நீ பாடியது எங்கேயும் இல்லை. நான் விசாரித்துப் பார்த்துவிட்டேன். ஃபோர்ட் ஸ்மித் மண்டபத்துக்காரரையும் கேட்டேன். "அப்படி யாரும் செய்றதில்லையேம்மா" என்றார்.

என் காதில் மட்டும் இருக்கிறது. அதுவும் தேய்ந்துபோனால் நான் என்ன செய்வேன்?

நான் வருகிறேன்.

லவேடா

*

வால்ட்ரன்
27 செப்டம்பர் 1977

லவேடா,

இப்போது வராதே. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை நான் வணக்கம் சொன்னதும் அழுதுகொண்டு ஓடிவிட்டது. பழகிய முகம்தான். நீ அப்படி ஓட மாட்டாய். ஆனால் உன் முகம் ஒரு கணம் மாறும், அதை நான் பார்ப்பேன். அதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடு.

ஓப்பல் உனக்குப் பெக்கன் கொட்டை இனிப்பு செய்து அனுப்புகிறாள். ஒரு வாரம் முடிந்ததா என்று கேட்கச் சொன்னாள்.

ஹோயட்

*

நாஷ்வில்
7 நவம்பர் 1977

அண்ணா,

டல்சாவுக்குப் போய் வந்தேன். அந்த கிளீட்டஸே கூப்பிட்டார். "நான் உங்களைக் கேலி பண்ணினேன், அதுக்கு ஒரு மண்டபம் பிடிச்சுத் தர்றேன், வந்து பாடுங்க" என்றார். உயரமான, வெட்கப்படுகிற மனிதர்; ரேடியோவில் கேட்டால் நம்ப முடியாது.

சாயங்காலம் ஐந்தரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. பின்னால் பொரித்த கெளுத்தி மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் நாற்காலிக்கு அடியில் ஊர்ந்தார்கள். பக்கத்தில் நீ இல்லை. 'பாலத்து மேலே தண்ணி' வந்தது. நான் கேட்டேன், நிறுத்தினேன்.

அண்ணா, அந்த மண்டபமே பதில் சொன்னது. ஆளுக்கு ஒன்று. எதுவும் எதோடும் சேரவில்லை. ஒருத்தி "வா" என்றாள், ஒருவன் "வராதே, கோபமா இருக்கேன்" என்றான், எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது முறை நிறுத்தியபோது சத்தம் குறைந்தது. முன்வரிசையில் பட்டாளத்துச் சட்டை போட்ட ஒருவர், இடது கை இல்லை, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, "பாலமே போயிடுச்சு. இருந்தாலும் வா" என்றார். பாடவில்லை, சொன்னார். எனக்கு அடுத்த வரி வரவில்லை. வாத்தியக்காரர்கள் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். ஜனங்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை.

திரும்பி வந்தால் கம்பெனியிலிருந்து தகவல். டல்சாவிலும் அதைச் சுற்றியுள்ள நாலு ஊரிலும் மட்டும் விற்றால் அது விற்பனை ஆகாது என்கிறார்கள். அடுத்த தட்டு கிடையாது. கார்விஸ் தன் அறையில் எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, "அந்த இடத்தை நிரப்பியிருந்தா ஓடியிருக்கும்மா. ஆனா நான் இப்ப கேட்டா, நிரப்ப வேணாம்னுதான் சொல்லுவேன்" என்றார். நான் நினைத்த அளவுக்கு அழவில்லை. பாட்டுக்குக் கூப்பிடுகிற சின்ன மண்டபங்கள் இருக்கின்றன. போவேன்.

இருபத்துநாலாம் தேதி, நன்றி செலுத்தும் நாள் விருந்துக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். இது கேள்வி இல்லை. என் முகம் மாறினால் மாறட்டும், நீ பார்த்துக்கொள். உன் முகத்தைப் பார்க்காமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அண்ணியிடம் சொல், சண்டை முடிந்தது.

லவேடா

*

வால்ட்ரன்
4 டிசம்பர் 1977

லவேடா,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை ஓப்பல் சொன்னாள். நீ போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. விருந்தில் மீந்த வான்கோழியை இன்றைக்கும் தின்கிறோம். நாளைக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மில்லில் இருக்கிறவர்களுக்கு நீ வாசலில் சொன்னதைச் சொல்லிவிட்டேன். நான் என்னவோ பேசுவேன் என்று நீ காத்து நின்றாய். நான் கருவியை வைத்து, "குண்டாயிட்டே" என்றேன். நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குக் குரல்தான் போச்சு, வாய் போகலையே" என்றாய். பாதி நாள் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உன் முகம் மாறியதா என்று பார்க்க மறந்துவிட்டேன்.

ஒரு விஷயம் உன்னிடம் நேரில் சொல்லவில்லை. அந்தக் கருவியை வைத்துச் சொல்கிற விஷயம் இல்லை அது.

நீ கிளம்புகிற அன்று காலையில் ஓப்பலோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். நான் கொல்லைக் கதவுக்கு வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். நீ என்னவோ முணுமுணுத்தாய். தட்டில் வந்தது இல்லை. அம்மா துணி உலர்த்தும்போது பாடுவாளே, அது. உனக்கே தெரியாமல்தான் பாடினாய், நடுவில் கரண்டி எங்கே என்று கேட்டாய்.

இரண்டாவது வரியில் என் தொண்டை அசைந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. விறகு கையில் இருந்தது. உள்ளே, ஒன்றுமே இல்லாத இடத்தில், அது தானாக மேலே ஏறி உன் குரலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. நீ இறங்கினால் இறங்கியது. நீ மூச்செடுத்தால் நின்றது. சத்தம் இல்லை. வேலிக்கு அப்பால் நின்ற மாட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் ஒரு இடம்கூடப் பிசகவில்லை, லவேடா. நீ முடிக்கிற வரைக்கும் கூடவே வந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. வந்தால் அதையே பாடு, ஆனால் சுருதியை ஒரு கட்டை கீழே வைத்துக்கொள். கடைசி வரியில் எனக்கு எட்டவில்லை.

ஹோயட்